சந்தன வேம்பில் ஓர் ஓட்டை

போன ஞாயிற்றுக்கிழமை காலை. பண்ணைக்காட்டில் ஒரு காபித் தோட்டத்துக் குளம். குளத்தின் நடுவில் ஒல்லியாக ஒரு மரப் படகு. படகில் என் மனைவி மஞ்சுளா. கரையில் நான்.

“ஏங்க… உள்ள தண்ணி வருது.”

கத்தவில்லை. அடுப்பில் பால் பொங்குகிறது என்பதுபோல் சொன்னாள். நான்தான் ஷூவைக் கழற்றாமல் தண்ணீரில் இறங்கிவிட்டேன். தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று அந்தக் கரையில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருவர், படகைச் செய்ய உதவிய ராஜாமணி ஆசாரி. இன்னொருவர், வாராவாரம் இந்தப் பக்கத்தில் உங்களுக்குப் புத்தி சொல்கிறவர்.

மஞ்சுளா ஓய்வுபெற்ற பிசிக்ஸ் டீச்சர். இருபது வருஷமாகத் தினமும் காலையில் கொடைக்கானல் ஏரியை ஒரு சுற்று நடந்தவள். மழையா, பனியா, வீட்டில் விருந்தாளியா… எதுவும் தடையில்லை. போன வருஷம் முழங்காலில் ஆபரேஷன். இனிமேல் தூரமாக நடக்கக் கூடாது, ஏற்ற இறக்கம் கூடவே கூடாது என்றார் டாக்டர். நாங்கள் இருப்பதோ நாயுடுபுரம். வாசலை விட்டு இறங்கினால் ஒன்று ஏற்றம், இல்லாவிட்டால் இறக்கம். எங்கே போவாள்?

எட்டு மாதம் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். என்னோடு சண்டைகூடப் போடவில்லை. வீட்டில் அப்படி ஓர் அமைதி வந்தால் கொண்டாடலாம் என்று நினைத்திருந்தவன் நான். வந்தபோது பயந்துபோனேன்.

ஏரியில் படகு எடுக்கலாமே என்றேன். பெடல் படகுக்கு முழங்கால் வேண்டும். துடுப்புப் படகு என்றால் யாரோ வலிக்க, இவள் சும்மா உட்கார்ந்து வர வேண்டும். அதற்கு ஆட்டோவிலேயே ஏரியைச் சுற்றிவிடலாம் என்றாள். பிறகு ஒருநாள் போனில் ஒரு வீடியோவைக் காட்டினாள். கயாக் — காலை நீட்டி உட்கார்ந்து கையால் மட்டும் துடுப்புப் போடுகிற படகு. பிசியோதெரபிஸ்ட் தாராளமாகப் போகலாம் என்றுவிட்டாராம்.

“சுத்தி நடக்கத்தானே கூடாது? குறுக்க போறேன்.”

வாங்கித் தருகிறேன் என்றேன். செய்யப்போகிறேன் என்றாள். அதுவும் மரத்தில்.

கார் ஷெட்டிலிருந்து என் ஸ்கூட்டர் வெளியேற்றப்பட்டது. ராஜாமணி ஆசாரி வரவழைக்கப்பட்டார். எங்கள் வீட்டு நிலை, கதவு, ஜன்னல் எல்லாம் அவர் கைவேலைதான். படகை அவர் படத்தில்கூடச் சரியாகப் பார்த்ததில்லை. ஆனாலும் டீச்சர் கேட்டால் எப்படி மறுப்பது?

“தேக்குல செஞ்சா மூணு தலமுறைக்குக் கெடக்கும் டீச்சர்.”

“எட்டு மாசம் கெடந்தது போதும் ஆசாரி. தூக்கிட்டுப் போற மாதிரி ஒரு மரம் சொல்லுங்க.”

தேக்கு, யூகலிப்டஸ், சில்வர் ஓக், சந்தன வேம்பு — நாலிலும் ஒரே அளவில் ஒரு துண்டு. சமையலறைத் தராசில் எடை போட்டாள். ஒரு வாரம் குளியலறை வாளியில் ஊறப்போட்டாள். அந்த ஒரு வாரம் நான் எதில் குளித்தேன் என்று யாரும் கேட்கவில்லை. யூகலிப்டஸ் முறுக்கிக்கொண்டது. சில்வர் ஓக் தண்ணீரைக் குடித்துக் கனத்தது. தேக்கு அசையவில்லை, ஆனால் ஆரம்பத்திலேயே கனம். சந்தன வேம்பு மட்டும் லேசாகவே இருந்தது. ஈரத்தோடு மூக்கருகே வைத்து மோந்து பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை நாளாயிற்று! மரம் முடிவாகிவிட்டது.

அவளிடம் படித்த ஜெயந்தி பண்ணைக்காட்டில் காபித் தோட்டம் வைத்திருக்கிறாள். காற்றில் சாய்ந்த சந்தன வேம்பு ஒன்றை அறுத்து, இரண்டு வருஷமாகக் காபிக் கிடங்கில் காயப்போட்டிருந்தாள். மிஸ்ஸுக்கு என்றதும் பலகைகள் பிக்கப்பில் வந்து இறங்கின. அவற்றை மெல்லிய பட்டைகளாக இழைத்து, பக்கம் பக்கமாக ஒட்டி, மேலே கண்ணாடி நார்த்துணியும் ரெசினும். மொத்தத் தடிமன் கால் அங்குலம்தான்.

அடுத்து ஃபிட்டிங்ஸ். ஆசாரி ஆசை ஆசையாகப் பித்தளை வளையம், கைப்பிடி, பின்பக்க மூடிக்கு ஒரு தாழ்ப்பாள் எல்லாம் கொண்டுவந்தார். மஞ்சுளா ஒவ்வொன்றையும் கையில் எடுத்து ஒரே கேள்விதான் கேட்டாள் — இதற்கு எத்தனை ஓட்டை போடணும்? படகில் ஓட்டை போடுவது தண்ணீருக்கு நாமே பத்திரிகை வைப்பது என்பது அவள் கட்சி. வளையத்துக்குப் பதில் நைலான் கயிறு. தாழ்ப்பாளுக்குப் பதில் ரப்பர் பட்டை. கால் வைக்கும் கட்டைக்கு மட்டும், தண்ணீர் தொடாத உயரத்தில், நாலு பித்தளை ஸ்க்ரூ. இரும்பு என்ற பேச்சே ஷெட்டுக்குள் கூடாது. துரு பிடிக்கும்.

படகு வளர வளர என் பயமும் வளர்ந்தது. அவளுக்கு நீச்சல் தெரியும், லைஃப் ஜாக்கெட் இருக்கிறது. எல்லாம் சரி. மனசு கேட்க வேண்டுமே? ஒருநாள் டீ குடிக்கும்போது ஆசாரி மெதுவாக ஆரம்பித்தார்.

“நெலை வைக்கிறப்ப அடியில அஞ்சு லோகம் போடாம வைப்பமா சார்? இதுக்கு ஒண்ணுமே போடலியே.”

போன மாதம்தான் இதே பக்கத்தில், புதுக் காருக்கு எலுமிச்சம்பழம் நசுக்குகிறவர்களை ஒரு பிடி பிடித்திருந்தேன். அதைப் பாராட்டி எழுதிய வாசகர்கள் தயவுசெய்து அடுத்த பாராவைத் தாண்டிப் போய்விடவும்.

போடுங்கள் என்றேன்.

அவள் பிசியோதெரபிக்குப் போயிருந்த மதியம், சீட்டைத் தூக்கி அடியில் ஒரு துளை. செம்புக்கு ஒயர் துண்டு, வெள்ளிக்குக் கொலுசு மணி, பித்தளையில் ஒரு துணுக்கு, இரும்புக்கு ஆணி முனை. தங்கத்துக்கு, ஏரிக்கரையில் அவள் எப்போதோ தொலைத்த கம்மலில் மிஞ்சிய திருகாணி. மேலே மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்தார். மூன்று அங்குல நிலையில் துளை போட்டுப் பழகிய கை அது. கால் அங்குலப் பலகையில் எங்கே நிறுத்த வேண்டும் என்று அந்தக் கைக்கு எப்படித் தெரியும்?

குளத்துக்குத் திரும்புகிறேன். ஜெயந்தி தோட்டத்துக் குளத்தில்தான் அன்று வெள்ளோட்டம். நான் ஷூவோடு முழங்கால் தண்ணீரில் நிற்க, அவள் நிதானமாகத் துடுப்புப் போட்டுக் கரைக்கு வந்து சேர்ந்தாள். ஜெயந்தி கைகொடுத்து இறக்கிவிட்டாள். மஞ்சுளா சீட்டைத் தூக்கினாள். பசை கரைந்து கூழாகியிருந்தது. தலையிலிருந்து ஒரு ஹேர்பின்னை உருவி, ஒவ்வொன்றாக உள்ளங்கையில் எடுத்து வைத்தாள். ஆசாரி காபிச் செடிகளை ஆராய ஆரம்பித்துவிட்டார்.

திருகாணியை மட்டும் வெகுநேரம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“நான்தான் போடச் சொன்னேன்.”

“படகு மேல நம்பிக்கை இல்லையா?”

“படகு மேல இருக்கு. நீ இல்லாட்டி எனக்கு…”

அவள் ஆணி முனையை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தாள்.

“இரும்பு கூடாதுன்னு எத்தனை தடவ சொன்னேன்?”

அந்த வாரமே துளையைக் காயவைத்து, ரெசின் ஊற்றி, வெளியே துணி ஒட்டி, எல்லாம் அவள் கையாலேயே அடைத்தாள். அடைப்பதற்கு முன் செம்பு, வெள்ளி, பித்தளை, திருகாணி நாலையும் தராசில் போட்டுப் பார்த்தாள். தராசு முள் அசையவில்லை. “கனம் ஒண்ணும் இல்ல, இருந்துட்டுப் போகட்டும்” என்று திரும்ப உள்ளே வைத்துவிட்டாள். ஆணியை மட்டும் என் கையில் கொடுத்து, இது கரையிலேயே நிற்கட்டும் என்றாள்.

நேற்று குளத்தைக் குறுக்கே பத்து முறை கடந்தாள். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வரவில்லை. எதிர்க்கரையிலிருந்து என்னைப் பார்த்துத் துடுப்பைத் தூக்கிக் காட்டினாள். வரும் வழியெல்லாம், நான் வண்டியை ஓரமாக நிறுத்தத் தெரியாதவன் என்று சண்டை போட்டாள். காதில் தேன் பாய்ந்தது.

இனி ஞாயிறுதோறும் அவள் தண்ணீரில். கரையில், காபி ஃபிளாஸ்க்கோடு நிற்கிறோம்… அந்த இரும்பும் நானும்.