ஏழாம் பலகை இல்லாத கடை

காலை 6.40. வவுனியா பஸ் நிலையத்தில் யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்துவிட்டேன். கிளிநொச்சிக்கு ஏறத்தாழ எழுபத்தைந்து கிலோமீற்றர். விழுந்த நகரங்கள் எப்படி எழுகின்றன என்று எழுதுவதற்காகப் போகிறேன். கொழும்பில் மின்விசிறிக்குக் கீழே இருந்து யோசித்தபோது அது சுலபமான வேலையாகத் தெரிந்தது.

7.45. மாங்குளத்தில் துணுக்காய்ப் பக்கத்து அம்மா ஒருவர் மகளுடன் ஏறி என் அருகில் அமர்ந்தார். மகளைக் கணினி வகுப்பில் சேர்க்கப் போகிறாராம்.

"எங்கட பக்கம் வயல் இருக்கு, மாடு இருக்கு. படிப்பெண்டா கிளிநொச்சிக்குத்தான் வரவேணும்" என்றார்.

நகரம் எதற்கு என்று நான் நாலு பக்கம் எழுத இருந்ததை அவர் ஒரு மூச்சில் சொல்லி முடித்துவிட்டார்.

8.35. இரணைமடுச் சந்தி தாண்டி கிளிநொச்சி. யுத்தம் முடிந்த புதிதில் இந்த வீதியோரத்தில் கூரையோடு ஒரு கட்டடத்தைக் காண்பதே அரிது. இப்போது வங்கி, மருந்தகம், பாடம் சொல்லித்தரும் ரியூட்டரி, கண்ணாடிக் கதவு போட்ட புடவைக்கடை. பார்க்கப் பார்க்க மனம் நிறைந்தது, பொய் சொல்லவில்லை.

வழக்கம்போல் திலகவதி அக்காவின் தேநீர்க்கடைக்குப் போனேன். பிளேன்டீ ஐம்பது ரூபா, வடை அறுபது. வீதியை அகலமாக்குகிறார்கள், கடை நாளைக்கு உடைபடும். புதிய சந்தைக் கட்டடத்தில் அவருக்கு ஓர் அறை கிடைத்திருக்கிறது. பின்னேரம் வந்து சாமான் கட்ட உதவுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

மாலை 5.30. சாமான்களைக் கட்டியாயிற்று. கடைசித் தடவையாகக் கடையை மூட வேண்டும். அதற்குக் கதவு கிடையாது. மேலும் கீழும் உள்ள தவாளிப்பில் ஒவ்வொன்றாகச் செருகும் பலகைகள்தான். உட்பக்கத்தில் ஒன்று முதல் பன்னிரண்டு வரை வெள்ளைப் பெயின்ற்றில் இலக்கம். அக்கா எடுத்துத் தர நான் செருகினேன். ஆறுக்குப் பிறகு எட்டு வந்தது. ஏழைக் காணவில்லை, அந்த அளவுக்கு ஒரு தகரத்துண்டுதான் சாய்ந்து கிடந்தது. கெட்டிக்காரன் அல்லவா நான், எட்டை ஆறோடு ஒட்டத் தள்ளினேன்.

"ஐயோ தம்பி, அங்க தள்ளாதேங்கோ! அது அவற்ற இடம்."

கை அப்படியே நின்றுவிட்டது. அக்கா கதிரையில் அமர்ந்தார்.

"என்ர மனுசன்தான் நம்பர் எழுதினவர். இடம்பெயரேக்க பலகையெல்லாம் கழட்டி உழவு மெசினில ஏத்திக்கொண்டு தருமபுரம் போனனாங்கள். அங்க குழி வெட்டி, அந்தப் பங்கருக்கு மேல போட்டு மண் மூட்டை அடுக்கினது. ஒருநாள் தண்ணி எடுக்க வெளியில போனவர், செல் விழுந்திட்டுது. சவப்பெட்டிக்கு எங்க போறது? மேல இருந்த ஒரு பலகையை இழுத்து, அதோடதான் தாட்டனாங்கள்."

"பிறகு போய்ப் பார்க்கவில்லையா, அக்கா?"

"போனனான். பங்கரைக் கிண்டினன், பதினொண்டு கிடைச்சுது. அவரைத் தாட்ட இடம்தான் பிடிபடேல்லை. ஒரே பத்தைக் காடு."

நான் எட்டைப் பின்னுக்கு இழுத்தேன். அக்கா எழுந்து தகரத்தை ஏழாம் இடத்தில் நிறுத்தி, உள்ளங்கையால் ஒரு தரம் தடவிவிட்டார். மிச்சத்தையும் செருகினோம். எனக்கு அழுகை வந்தது.

மறுநாள் மாலை 4.20. ஊருக்குத் திரும்புமுன் புதிய சந்தைக்குப் போனேன். வெள்ளைச் சுவர், ரியூப் லைற், இழுத்து மூடும் இரும்புக் கதவு. பலகைகள் சுவரில் தட்டுகளாகியிருந்தன. நாலாம் இலக்கத்தின் மேல் கிளாஸ்கள் கவிழ்ந்திருந்தன. பஸ்ஸில் கண்ட அம்மாவின் மகள் தோழியரோடு வடை தின்றுகொண்டிருந்தாள், வகுப்பு மேல்மாடியிலாம்.

"இந்தப் பிள்ளையளுக்காகவாவது ரோட்டு வரட்டும் தம்பி" என்றார் அக்கா. "ஊர் வளரத்தானே வேணும்."

"இந்தக் கதவு மூடச் சுகமா, அக்கா?"

"சுகம்தான். முந்தி ஆறாவதைப் போட்டிட்டுக் கொஞ்சம் நிப்பன். அண்டண்டைக்கு நடந்ததை அவருக்குச் சொல்லிப்போட்டுத்தான் தகரத்தை வைப்பன்." கதவின் விளிம்பைப் பிடித்துப் பாதிவரை இழுத்துக் காட்டினார். "இது ஒரே இழுவை. வாய் திறக்கமுந்தி மூடுப்பட்டிடுது."

ஐந்து மணி பஸ்ஸில் ஏறினேன். கொழும்பில் எங்கள் வீட்டுக் கதவும் ஒரே தள்ளில் சாத்துப்படும். அதை ஒரு வசதி என்று மட்டுமே இதுவரை நினைத்திருந்தேன்.