மூவாயிரம் மில்லிமீட்டர் பத்தடி அல்ல

எங்கள் அண்ணி எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. அண்ணியைப் பற்றி நாத்தனார் எழுதுவதா என்று சிலர் சிரிக்கலாம். தாராளமாகச் சிரித்துவிட்டுப் படியுங்கள். முப்பது வருடத்துக்கும் மேலாக நான் வாயை மூடிக்கொண்டிருந்த ஒரு விஷயத்தை இன்று சொல்லியாக வேண்டும்.

அண்ணி பிறந்தது வாலாஜாபாத் பக்கம், உழவர் குடும்பத்தில். பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டார்கள். பென்னலூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது எங்கள் வீட்டில் இருந்தது அண்ணனின் மரப்பட்டறை, படுத்த படுக்கையாக அப்பா, கல்லூரிக்குப் போகிறேன் என்று அடம்பிடித்த நான். அப்பாவைக் குளிப்பாட்டியதும் அண்ணிதான், மரவாடியில் நின்று கன அடி பார்த்து மரம் எடுத்ததும் அண்ணிதான். அகலமும் கனமும் அங்குலத்தில், நீளம் அடியில். மூன்றையும் பெருக்கி நூற்று நாற்பத்து நாலால் வகுத்தால் கன அடி. மரவாடிக்காரர் பேனாவைத் தேடுவதற்குள் அண்ணி வாயாலேயே விடை சொல்லிவிடுவார்.

1991-இல் ஒரு தொழிற்சாலை, இயந்திரம் ஒன்றை வைத்து அனுப்ப மரப்பெட்டி செய்து தரும்படி அண்ணனிடம் முதன்முதலாக வேலை கொடுத்தது. வரைபடம் முழுக்க மில்லிமீட்டர். பட்டறையிலோ அடியும் அங்குலமும்தான் பேச்சு. பி.எஸ்சி. கணிதம் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த நான், அடி ஸ்கேலில் முப்பது சென்டிமீட்டர் என்றுதானே போட்டிருக்கிறது என்று, மூவாயிரம் மில்லிமீட்டரைப் பத்தடி ஆக்கினேன். ஆயிரத்து ஐந்நூறை ஐந்தடி ஆக்கினேன்.

"நல்லா பாத்துக்கோ கண்ணு, சரியா வருதா?" என்றார் அண்ணி.

"நான் படிக்கிறதே மேத்ஸ் அண்ணி!" என்றேன். திமிர்தான், வேறென்ன.

பெட்டி தயாரானது. தொழிற்சாலை சூப்பர்வைசர் வந்து உள்ளே டேப்பைப் பிடித்தார். நீளத்தில் நாற்பத்தெட்டு மில்லிமீட்டர் அதிகம். "உள்ள மெஷின் ஆடும்ங்க. நாளைக்கு சாயங்காலம் லாரி. அதுக்குள்ள சரி பண்ணலன்னா வேற எடத்துல குடுத்துடுவோம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

என் படிப்பின் மேல் அண்ணனுக்கு ஏற்கெனவே கடுப்பு. பெண்ணுக்கு எதற்குக் கல்லூரி என்று அவர் காதில் ஓதாத உறவினர் இல்லை. விறுவிறுவென்று வந்தார். "யாரு போட்ட கணக்கு இது? ரெண்டு இன்ச்சு அதிகமா கீது! இவதான போட்டா? நாளையிலேந்து காலேஜும் வாணாம், ஒரு மண்ணும் வாணாம்!"

அதற்குள் அண்ணி என் ஸ்கேலை எடுத்துப் பார்த்திருந்தார். பன்னிரண்டாம் அங்குலக் கோடு, முப்பதாவது சென்டிமீட்டரைத் தாண்டிக் கிட்டத்தட்ட அரை சென்டிமீட்டர் தள்ளி நின்றது. அடிக்கு அரை அரையாகப் பத்தடிக்குச் சேர்ந்ததுதான் அந்த ரெண்டு அங்குலம். அண்ணி ஸ்கேலைக் கீழே வைத்தார்.

"நான்தாங்க போட்டேன். நான் சொல்லச் சொல்ல அவ எழுதினா, அவ்ளோதான்."

பட்டறை ஆட்கள் எல்லோர் முன்னாலும் அண்ணன் கத்திய கத்தலை இங்கே எழுத முடியாது. அண்ணி அசரவில்லை. "திட்றத அப்பறமா திட்டுங்க. மரம் நீட்டாதான கீது, குட்டையா பூடலியே? ஆணியப் புடுங்குங்க, அறுத்துக்கலாம்" என்றார். ஒருவர் சிரிக்க, பட்டறையே சிரித்துவிட்டது. அடிக்கு முந்நூற்று நாலே முக்காலுக்குச் சற்று மேல் என்று வைத்து அண்ணியும் நானும் புதிதாகக் கணக்குப் போட்டோம். மறுநாள் மதியத்துக்குள் பெட்டி ஓரம் அறுபட்டு மறுபடி எழுந்து நின்றது. சூப்பர்வைசர் அளந்து பார்த்துத் தலையாட்டினார். அதற்குப் பிறகு அங்கிருந்து வேலை வந்துகொண்டே இருந்தது.

கொல்லைப்புறத்தில் நான் அழுதுகொண்டு நின்றபோது அண்ணி வந்தார். "சீ, கண்ணத் தொடச்சிக்கோ. நீ படிச்சி முடி. ரெண்டு திட்டு வாங்கினா நான் இன்னா தேஞ்சா பூடுவேன்?"

படித்து முடித்தேன். கணித ஆசிரியை ஆனேன். என்னிடம் படித்த பிள்ளைகள் எத்தனையோ பேர். அத்தனைக்கும் அண்ணியின் அந்த ஒரு பொய்தான் ஆதாரம். வீட்டில் யார் எதைத் தப்பாகக் கூட்டினாலும், "இன்னாடா, உங்கம்மா போட்ட பொட்டிக் கணக்கா?" என்று அண்ணன் தம் பிள்ளைகளைக் கிண்டல் செய்வார். முதலில் சிரிப்பது அண்ணியாகத்தான் இருக்கும்.

கடைசி நாட்களில் மருத்துவமனைச் செவிலியரிடமும் அண்ணன் அந்தக் கதையை எடுத்துவிட்டார். இதற்கு மேல் பொறுக்காது என்று நான் வாயைத் திறந்தேன். போர்வைக்கு அடியிலிருந்து அண்ணி என் கையை நறுக்கென்று கிள்ளினார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

முகம் சுளிக்காமல் அண்ணியைப் பார்த்துக்கொண்ட அந்தச் செவிலியர்களுக்கும், வேளை தவறாமல் சாப்பாடு கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கும், சொந்தத் தாயைப் போலத் தோள்கொடுத்துத் தூக்கிப்போன பட்டறைத் தம்பிகளுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

அண்ணா, கண்ணாடியை மாட்டிக்கொண்டு இதுவரை படித்திருப்பீர்கள். அந்தக் கணக்கைப் போட்டது நான். இப்போது என்னைக் கிள்ளுவதற்கு ஆளில்லை. திதியன்று சமையல்கட்டில்தான் இருப்பேன். பட்டறை ஆட்கள் எல்லோரும் இருக்கும்போதே வந்து, அன்றைக்கு அண்ணியைத் திட்டிய திட்டை எனக்குக் கொடுங்கள். ஒரு வார்த்தைகூடக் குறையக்கூடாது.