ஸ்டேஷன் கடிகாரத்துக்குக் காட்டிய புறா

வருஷத்துக்கு ஒரு தடவை, நான் இன்னும் சாகவில்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்க விழுப்புரத்தில் ஒரு பாங்குக்குப் போகிறேன். பென்ஷன்காரன் பிழைப்பு அப்படி. போன வாரம் போனபோது மாடிப்படித் திருப்பத்தில் புறா எச்ச நெடி குப்பென்று மூக்கில் அடித்தது. வாட்ச்மேன் துடைப்பத்தை ஓங்கிக்கொண்டு, "பேஜாரு புடிச்ச புறா!" என்று விரட்டிக்கொண்டிருந்தார். எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஏற, நான் மட்டும் நின்று ஒரு மூச்சு நன்றாக இழுத்தேன். கிழவனுக்குக் கழன்றுவிட்டது என்று அவர் முடிவு கட்டிவிட்டது முகத்திலேயே தெரிந்தது. அந்த பாங்கு நிற்கிற இடத்தில் மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலைக்கு மண்டி வைத்திருந்த முதலாளி ஒருவரின் மாடி வீடு இருந்ததையும், அந்த மாடி முழுக்கப் புறாக்கூண்டு இருந்ததையும் அவரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? உங்களிடம் சொல்கிறேன்.

யுத்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் நான் விழுப்புரம் ஜங்ஷனில் பார்சல் குமாஸ்தா. கருவாட்டுக் கூடை, வெற்றிலைக் கட்டு, மல்லாட்டை மூட்டை, இவற்றின் வாசனை என் சட்டையை விட்டுப் போகவே போகாது. புறா என்றால் எனக்குப் பயம். இறக்கையைப் படபடவென்று அடித்தால் மேஜைக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொள்வேன். அப்படிப்பட்டவனைத்தான் பிடித்துப் புறாப் பந்தயத்துக்குச் செகரெட்டரி ஆக்கினார்கள். மதுரைக்கு ரயிலில் புறாக் கூடை அனுப்பவும், அங்கே விடியற்காலையில் திறந்துவிடச் சொல்லவும் ஆள் வேண்டுமே!

அதுவரை எங்கள் பக்கத்தில் வானத்தில் குட்டிக்கரணம் போடுகிற கர்ணப் புறாதான். ஹோமர் என்கிற ஜாதி பிறகு வந்தது. எங்கே கொண்டுபோய் விட்டாலும் வீடு வந்து சேரும். அந்தப் பைத்தியம் முதலில் பிடித்தது முதலாளியை. அடுத்து திண்டிவனத்தில் சைக்கிள் கடை வைத்திருந்த காதர் பாய். மூன்றாவது ஆந்தோணி. லோகோ ஷெட்டில் இன்ஜின் துடைப்பவன், என் வயதுதான். லைனுக்கு அந்தப் புறம், சேரி ஓரத்தில் அவன் வீடு. கூரைமேல் ஒரு பழைய பெட்டியைக் கூண்டாக்கி நாலைந்து புறா வைத்திருந்தான். இன்னும் சிலரும் சேர்ந்தார்கள், ஆனால் கதை இந்த மூவருடையது.

முதலாளியிடம் கல்கத்தாவிலிருந்து வந்த ஒரு கருநீல ஜோடி இருந்தது. அவை சுற்றுவதை ஷெட்டில் பாய்லர்மேல் நின்றபடி ஆந்தோணி வாய் பிளந்து பார்ப்பான். "சார், அதுல ஒரு குஞ்சு கெடச்சா போதும் சார், என் பொழப்பே மாறிப்புடும்" என்பான். இன்ஜின் துடைக்கிறவனுக்குப் புறாவால் பிழைப்பு எப்படி மாறும் என்று நான் கேட்கவில்லை. அந்த ஆசை உள்ளவனிடம் கணக்குக் கேட்கக் கூடாது.

விதிமுறை பேச என் பார்சல் ஆபீசில் கூடினோம். ஜெயித்தவனுக்கு என்ன பரிசு? கோப்பையெல்லாம் வேண்டாம் என்றார் முதலாளி. "ஜெயிச்சவன் தோத்தவங்கள்ல யாரு மாடியில வேணும்னாலும் ஏறி, தானே பாத்து ஒரு ஜோடிக் குஞ்சு எடுத்துக்கலாம்." வளர்ந்த ஹோமரைக் கொடுத்தால் கூண்டு திறந்ததும் பழைய வீட்டுக்கே ஓடிவிடும், அதனால் பறக்காத குஞ்சுதான் பரிசு. தாம்தான் ஜெயிப்போம் என்கிற தைரியத்தில் அவர் வாயாலேயே வந்த விதி அது. எல்லாரும் தலையாட்டினோம்.

அடுத்து, புறா வந்திறங்குவதை யார் பார்ப்பது? வீட்டுக்கு ஒரு நடுவர் போடலாம் என்றார்கள். ஆந்தோணி வீட்டுக்கு யார் என்றபோது ஆளாளுக்குக் கூரையைப் பார்த்தார்கள். காரணம் எல்லாருக்கும் தெரியும். கதவோரம் நின்ற ஆந்தோணிதான் பேசினான். "யாரும் எங்க தெருவுக்கு வர வேணாங்க. டேசன் கடியாரம் எல்லாருக்கும் பொதுதானே? புறாவப் புடிச்சாந்து அதுக்குக் காட்டிப்புடலாம்."

"சபாஷ்!" என்று மேஜையைத் தட்டினார் காதர் பாய். திண்டிவனத்தார் அந்த ஊர் ஸ்டேஷனில் காட்டித் தந்தியில் சொல்வது. விழுப்புரத்தைத் தாண்டி அவர்கள் புறா கூடுதலாகப் பறக்கிற தூரத்துக்குக் கொஞ்சம் நேரம் கழிப்பது. இப்படியாக, உலகத்திலேயே புறாவைக் கடிகாரத்துக்குக் காட்டிய பந்தயம் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

ஆந்தோணி அனுப்பியது கூட்டில் குஞ்சு வைத்திருந்த பெட்டையை. குஞ்சு நினைப்பில் தாய் பறந்து வரும் என்பது அவன் கணக்கு. ஆனால் கூடையை ஏற்றும்போது அவன் கைப்பிடியை விடவில்லை. "வரலன்னா குஞ்சுங்க கதி என்னா ஆவறது சார்?" என்றான். நான் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தேன்.

பந்தயத்தன்று முதலாளி வீட்டுக்குக் கல்யாணக்களை வந்துவிட்டது. மாடி கொள்ளாத கூட்டம். சுற்றிலும் மாவிலைத் தோரணம், கலர் காகிதக் கொடி, கீழே நாயனம். வெயில் ஏறியதும் தெற்கே ஒரு புள்ளி தெரிந்தது. கருநீலம்! மேளக்காரர்கள் வெளுத்து வாங்கினார்கள். புறா வந்தது, வீட்டைச் சுற்றியது, மறுபடி சுற்றியது. இறங்கவில்லை. அது விட்டுப்போன மாடி வேறு. கொடியும் கூச்சலுமாக இருந்த இந்த மாடி அதற்கு யார் வீடோ. "டேய், மேளத்த நிறுத்துங்கடா!" என்று முதலாளி கத்தக் கத்த, அது தள்ளிப் போய் ஒரு தென்னைமரத்தில் உட்கார்ந்துகொண்டது. வருகிற புறாவைத் தாம்பூலம் வைத்து வரவேற்கப் பார்த்த ஊர் எங்கள் ஊர்தான் ஐயா.

இதெல்லாம் பிறகு கேட்டது; நான் அப்போது ஸ்டேஷனில் கடிகாரத்தடியில் நின்றிருந்தேன். தண்டவாளத்தைத் தாண்டி ஆந்தோணி ஓடி வந்தான். பித்தான் அறுந்த சட்டைக்குள்ளிருந்து பெட்டையை எடுத்து, இரண்டு கையாலும் கடிகாரத்தைப் பார்க்க உயர்த்தினான். "வந்துட்டா சார்! புள்ளைங்களுக்குத் தீனி குடுக்கக்கூட வுடல, தூக்கியாந்துட்டேன்!" அழுதான். எனக்கும் கண் கலங்கியது. புறாப் பயம்கூட மறந்துபோய் அதன் தலையைத் தொட்டேன். திண்டிவனத்துத் தந்தி பின்னால்தான் வந்தது. கழித்துப் பார்த்தும் காதர் பாய் இரண்டாவது.

மறுநாள் குஞ்சு எடுக்கப் போனோம். சலவைச் சட்டை, எண்ணெய் வைத்து வாரிய தலை என்று ஆந்தோணி புது மாப்பிள்ளையாக வந்தான். முதலாளி வீட்டு மாடிப்படி கூடத்தைத் தாண்டி, பூஜை அறை ஓரமாக உள்ளே இருந்தது. ஆனால் தெருப்பக்கச் சுவரில் புதிதாக ஒரு மூங்கில் ஏணி சாத்தியிருந்தது. வாசலில் நின்ற முதலாளி எங்கள் முகத்தைப் பார்க்காமல், "இப்படி ஏறிக்கோ ஆந்தோணி, இதான் கிட்ட வழி" என்றார்.

ஆந்தோணி ஏணியை அடியிலிருந்து நுனிவரை பார்த்தான். ஒரு கையால் லேசாக அசைத்தான்.

"ஏணி ஆடுதுங்க மொதலாளி. எனக்குப் பயமா கீது."

தினமும் பாய்லர்மேல் நடக்கிறவன் அவன். கும்பிட்டுவிட்டுத் திரும்பி நடந்தான். அந்தக் கருநீலக் குஞ்சுகள் மேலே முனகுவது தெருவரைக்கும் கேட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காதர் பாய் அவனைத் திண்டிவனத்துக்குக் கூப்பிட்டார். அவர் வீட்டிலும் படி உள்ளேதான், சமையல்கட்டுக்குள் புகுந்து போக வேண்டும். "ஜல்தி வாப்பா, படி இடுக்கு, தலையக் குனிஞ்சிக்கினு ஏறு!" என்று முன்னால் ஏறினார். ஆந்தோணி ஒரு ஜோடி சாம்பல் குஞ்சு எடுத்துவந்தான். நல்ல குஞ்சுதான். அவன் கேட்ட குஞ்சு இல்லை.

முதலாளிக்கும் மனசு உறுத்தியிருக்க வேண்டும். கொஞ்ச நாளில் அந்தக் கருநீல ஜோடியையே, தாயும் தகப்பனுமாக, கூடையில் வைத்து ஆள்மூலம் ஆந்தோணி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். யார் கொடுப்பார்கள் அப்படி! ஆந்தோணி அவற்றுக்குக் கேப்பை போட்டு, தண்ணீர் காட்டி, வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தானாம். பிறகு திறந்துவிட்டான். இரண்டும் ஒரு வட்டம் போட்டு, லைனைத் தாண்டி, நேரே முதலாளி மாடியில் போய் இறங்கின.

"ஏன்டா?" என்றேன்.

"அதுங்களுக்கு வழி தெரியும் சார்" என்றான்.

பிறகு யுத்தம் வந்தது. புறா வைத்திருப்பவன் எதிரிக்குச் சேதி அனுப்புகிறானோ என்று போலீஸ் மாடி மாடியாக ஏறிப் பார்த்தது. முதலாளி வீட்டு உள்படியில் ஒரு கான்ஸ்டபிள் பூட்ஸ் காலோடு ஏறினான். யாரும் ஏணி சாத்தவில்லை. அரிசிக்கு ரேஷன் வந்ததும் புறாக்களும் போயின. ஆந்தோணிக்குத் தெற்கே எங்கோ மாற்றலாயிற்று, அப்புறம் தகவல் இல்லை. ஸ்டேஷனில் இப்போது இருப்பது வேறு கடிகாரம்.

போன வாரம் கையெழுத்துப் போட்டுவிட்டு அந்தப் படியிலேயே கொஞ்சம் உட்கார்ந்திருந்தேன். மல்லாட்டை விற்கிற அம்மாள், செருப்புத் தைப்பவர், கல்லூரிப் பெண்கள் என்று என்னைத் தாண்டி ஏறிப் போய்க்கொண்டே இருந்தார்கள். யாரையும் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. இப்போது அங்கே யார் வேண்டுமானாலும் ஏறலாம். ஏற வேண்டியவன்தான் இல்லை.