வெங்காயப் பட்டறையின் வடக்கு மூலை

சின்ன வெங்காயம் அழுகத் தொடங்கும்போது முதலில் நாறாது, இனிக்கும். ஈரச் சாக்கில் வெல்லத்தை முடிந்து வைத்தது போல ஒரு வாசனை மெல்ல வரும். மறுநாள்தான் கண்ணுக்கு அழுகல் தெரியும், அதற்கும் மறுநாள்தான் மற்றவர்கள் மூக்கைப் பிடிப்பார்கள். அந்த முதல் நாள் வாசனையைப் பத்து வயதிலேயே எனக்குத் தெரியும். பெருமைக்குச் சொல்லவில்லை என்றால் பொய்யாகிவிடும். பெருமைக்குத்தான் சொல்கிறேன், அரும்பாவூர்ப் பக்கம் எங்கள் ஊரில் என்னைப் போல மோந்து சொல்ல ஆள் கிடையாது. எனக்கு வைத்த பேர் வேறு, ஊர் கூப்பிட்டது "மூக்காயி".

அப்பா இல்லாத வீடு எங்களுடையது. அம்மா, ரெங்கம்மா என்பவரின் காட்டில் வேலை செய்தாள். அவரும் புருஷனை இழந்தவர்தான், ஆனால் கிணற்றோடு இரண்டு ஏக்கர் இருந்தது. அம்மாவுக்கு அவர் அக்கா, எனக்குப் பெரியம்மா. ஆடியில் பிடுங்கிய வெங்காயத்தில் விற்றது போக, ஐப்பசி நடவுக்கு வேண்டியதை அவர் காட்டிலேயே "பட்டறை" போட்டு வைப்பார். சின்ன வெங்காயத்துக்கு விதையும் வெங்காயம்தானே. முழங்கால் உயரத்துக்குக் கல் அடுக்கி, அதன்மேல் குச்சி பரப்பி, காற்றுப் போகிறாற்போலப் பக்கமெல்லாம் மெல்லிய விளார்க் குச்சிகளைக் கட்டி, மேலே கீற்று வேய்ந்து, உள்ளே வெங்காயத்தைக் கொட்டி வைத்தால் மூன்று மாதம் இருக்கும், ஒன்று அழுகிப் பக்கத்தில் உள்ளதைத் தொடாத வரைக்கும்.

அதற்குத்தான் நான். தினம் காலையில் பட்டறையை ஒரு சுற்றுச் சுற்றி, விளார் இடுக்கில் மூக்கை வைத்து, "இங்கன பெரியம்மா" என்று காட்டுவேன். அந்த இடத்தை மட்டும் பிரித்து, கெட்டதை எடுத்துவிட்டு, சுற்றி இருந்ததை வெயிலில் உலர்த்தித் திரும்பப் போடுவார்கள். எடுத்த கழிசல் எங்களுக்கு. அது அங்கே பழக்கம். அம்மா அதை மடியில் கட்டிக்கொண்டு வந்து, ஒவ்வொன்றாக அரிந்து, "பாதி அழுவுனா பாதி நல்லதுடி, அது ஒன்னும் பாவம் பண்ணல" என்று நல்ல பாதியைச் சட்டியில் போடுவாள். உரிக்க முடியாமல் நசநசத்ததுதான் எருக்குழிக்குப் போகும். எங்கள் வீட்டுக் குழம்பில் விழுந்த வெங்காயம் எல்லாம் அந்தப் பாதி வெங்காயம்தான்.

அந்தப் புரட்டாசியில் என் மூக்கு ரொம்ப நன்றாக வேலை செய்தது. கெடுவதற்கு முன்பே எடுத்து எடுத்து, பட்டறை சுத்தமாகிவிட்டது. எட்டு நாளாக அம்மா வெறும் மடியோடு வந்தாள். காய்ச்சலில் கிடந்து எழுந்த தம்பி, வெறும் புளித்தண்ணிக் குழம்பைப் பார்த்துவிட்டு, "இதுல ஒன்னுமே இல்ல" என்று தட்டைத் தள்ளினான்.

மறுநாள் காலை வடக்கு மூலையில் அந்த வெல்ல வாசனை வந்தது. கையளவுதான் இருக்கும். கையளவைக் காட்டினால் கையளவுதான் கிடைக்கும், இரண்டு நாள் விட்டால் மடி நிறையும் என்று கணக்குப் போட்டேன். "என்னாடி மூக்காயி, ஏதாச்சும் இருக்கா?" என்று பெரியம்மா கிணற்றடியிலிருந்து கேட்டார். "ஒன்னுமில்ல பெரியம்மா" என்றேன்.

அன்று மத்தியானம் பிடித்த தூறல் இரண்டு நாள் விடவில்லை. மூன்றாம் நாள் நான் மோந்து பார்க்க வேண்டியிருக்கவில்லை, வரப்பில் வரும்போதே எல்லோருக்கும் நாறியது. விளாரைப் பிரித்து அம்மா கையை விட்டாள்; முழங்கை வரைக்கும் உள்ளே போனது. வெங்காயம் என்று ஒன்று தனியாக இல்லை, கூழாக இருந்தது. ஆவி வந்தது. நானும் கையை வைத்துப் பார்த்தேன். குளிர்ந்த மழைநாளில் அது அடுப்பு மாதிரிச் சுட்டதை இப்போது நினைத்தாலும் என் கை தானாக மடங்குகிறது. கையளவு அழுகல் இரண்டு நாளில் இவ்வளவு தின்னும் என்று எனக்குத் தெரியாது. பாதிப் பட்டறை போய்விட்டது.

ரெங்கம்மா பெரியம்மா அழவில்லை. ஈரத்தரையில் உட்கார்ந்து, "ஒம் மூக்குக்கு என்னாடி ஆச்சு?" என்றார்.

"சளி பெரியம்மா."

அதை அவர் நம்பினார். சாயங்காலம் சுக்கும் மிளகும் தட்டிப் போட்ட கஷாயத்தை லோட்டாவில் ஏந்தி எங்கள் வாசலுக்கு வந்து, "புள்ளைய மழையில விடாத ஆயி" என்று அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். எங்கள் வீட்டுக்குள் அப்போது நான்கு கூடை கழிசல் இருந்தது. அரிந்து மாளவில்லை. நாற்றத்தில் தம்பி வாந்தி எடுத்தான், ஒரு கூடைகூடத் தேறவில்லை, மிச்சமெல்லாம் குழிக்குப் போனது. நான் கஷாயத்தைக் குடித்து முடிக்கும் வரை அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சளி புடிச்சா மூக்கு ஒழுவும்" என்றாள். அவ்வளவுதான், அதற்குப்பிறகு அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

ஐப்பசியில் ஒரு ஏக்கருக்குத்தான் விதை இருந்தது. மற்ற ஏக்கர் சும்மா கிடந்தது. நடவு பாதி, களையெடுப்பு பாதி, எனவே அம்மாவுக்கு வேலையும் பாதி. தம்பிக்கு ஒரு குழம்பு வேண்டும் என்று நான் அழுகவிட்டது பெரியம்மாவின் விதையை மட்டுமல்ல, எங்கள் கார்த்திகை மார்கழிச் சோற்றையும் என்பது அந்தச் சும்மாக் கிடந்த மண்ணைப் பார்த்தபோதுதான் உறைத்தது. பெரியம்மாவிடம் உண்மையைச் சொல்லப் பல முறை போய், மோர் குடித்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன். இப்போது அவர் இல்லை.

அரியலூரில் மகன் வீட்டில் இருக்கிறேன். போன மாதம் ஒரு நாள் முழுக்கக் கரண்டு இல்லை. தண்ணீர் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். கீழ்த் தட்டில் உரித்து விற்கிற சின்ன வெங்காயம் கவருக்குள் பெரும்பாலும் கூழாகியிருந்தது. மல்லித்தழை தண்ணீராகிவிட்டது. மூன்று டப்பாவில் எந்தெந்த நாளுடையதோ சாம்பார். அதிர்ச்சி அழுகலைப் பார்த்ததில் இல்லை. தினம் பத்து முறை அதன் பக்கத்தில் நடந்திருக்கிறேன், என் மூக்கு ஒரு நாள்கூடச் சொல்லவில்லை.

"கரண்டு போனதாலதான் அத்த நாறுது" என்றாள் மருமகள்.

"கரண்டு இருந்தப்ப நாறாம அழுவுச்சி" என்றேன்.

அவள் கவரைக் குப்பையில் போடப் போனாள். வாங்கித் தட்டில் கொட்டி அரிந்தேன். "அதையா சமைக்கப்போறீங்க?" என்று முகம் சுளித்தாள். எட்டு வெங்காயம் தேறியது. ராத்திரி மகன் குழம்பை இரண்டாம் முறை கேட்டு வாங்கினான், அவள் என்னைப் பார்த்துச் சிரிப்பை அடக்கினாள்.

எங்கள் ஊரில் அந்தப் பட்டறைக் கல்லும் இல்லை, அந்த வெல்ல வாசனையும் இப்போது எங்கும் வருவதில்லை; குளிரில் எல்லாம் சத்தம் காட்டாமல் கெடுகிறது. அதனால் தினம் காலையில் ஃபிரிட்ஜைத் திறந்து, ஒவ்வொரு டப்பாவையும் எடுத்து மூடியை நீக்கி மோந்து பார்க்கிறேன். "ஏதாச்சும் இருக்கா அத்த?" என்று மருமகள் அடுப்படியிலிருந்து கேலியாகக் கேட்பாள்.

இருந்தால், கையளவாக இருந்தாலும், இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன்.