மூச்சை எண்ணிய மூன்று நாட்கள்

அன்பானவர்களே, குருவாக இருபத்தோரு ஆண்டுகள் பிறருடைய சாட்சிகளைக் கேட்டு ஆமென் சொன்னவன் நான். இன்று என்னுடையதைச் சொல்ல வந்திருக்கிறேன்.

கடந்த தவக்காலத்தின் மூன்றாம் ஞாயிறு. தாராபுரத்தை அடுத்த எங்கள் பங்குக் கோவிலில் காலைத் திருப்பலி. நற்கருணைப் பேழையின் முன் முழந்தாளிட்டேன். எழ முடியவில்லை. பீடத்தைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தேன். இரண்டு நாட்களாகவே உள்ளங்கால்கள் மரத்திருந்தன. முந்தைய வாரம் வந்த வயிற்றுப்போக்கின் அசதி என்று நானே முடிவு செய்திருந்தேன். மதியம் படியேற முடியவில்லை. சாயங்காலம் சட்டைப் பொத்தானைப் போட விரல்கள் வரவில்லை.

கோவில் வேலைகளில் எனக்குத் துணையாக இருக்கும் எங்கள் உபதேசியார் சவரிமுத்து என்னைப் பார்த்ததும் பதறிவிட்டார்.

"சாமி, இது அசதியில்லீங்க. கார்ல ஏறுங்க, கோயமுத்தூர் போயிரலாம்."

பல்லடம் தாண்டும்போது தண்ணீர் குடித்தேன். விழுங்க முடியாமல் புரையேறியது. அப்போதுதான் எனக்குப் பயம் பிடித்தது.

திங்கட்கிழமை காலை, கோயமுத்தூர் மருத்துவமனையில் நரம்பியல் மருத்துவர் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "உங்க உடம்போட எதிர்ப்பு சக்தியே உங்க நரம்புகளத் தாக்குதுங்க ஃபாதர். கால்ல ஆரம்பிச்சு மேல ஏறும். நெஞ்சுக்கு வந்துட்டா மூச்சு விடக் குழாய் வைக்கணும்."

"எங்க நிக்குமுங்க டாக்டர்?"

"அத இப்பச் சொல்ல முடியாதுங்க. மருந்து ஆரம்பிச்சிரலாம்."

சில மணி நேரத்துக்கு ஒருமுறை எனக்கு ஒரு சோதனை. மூச்சை நன்றாக இழுத்து, ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ண வேண்டும். முதலில் இருபத்தெட்டு வரை எண்ணினேன். மதியம் இருபத்திரண்டு. மாலையில் பத்தொன்பது. செவிலியர் குறித்துக்கொண்டு போவார். நான் கூரையைப் பார்த்தபடி அடுத்த முறைக்காகக் காத்திருப்பேன்.

செபித்தேனா என்று கேட்பீர்கள். இல்லை. முயன்றேன். செபமாலை விரல்களில் நிற்காமல் நழுவி விழுந்தது. சிறுவயதிலிருந்து சொல்லிவரும் செபத்தில்கூட முதல் வரிக்கு மேல் மனம் போகவில்லை. எண்கள்தான் வந்தன. எத்தனை நோயாளிகளிடம் "விசுவாசமா இருங்க" என்று சொல்லியிருப்பேன்! அந்த விசுவாசத்தை எனக்குள் தேடினேன். அகப்படவில்லை.

செவ்வாய் காலை, பக்கத்துப் பங்கின் குரு எனக்கு நோயில்பூசுதல் கொடுக்க, நோயாளிக்கு எண்ணெய் பூசிச் செபிக்கும் அந்தச் சடங்குக்காக, வந்தார். அவர் கையில் எண்ணெய்ச் சிமிழைக் கண்டதும் சாகப்போகிறேன் என்றே நினைத்துவிட்டேன். எத்தனையோ வீடுகளுக்குள் நான் அதே சிமிழோடு நுழைந்திருக்கிறேன். அவர்கள் என்னை ஏன் அப்படிப் பார்த்தார்கள் என்று அன்றுதான் விளங்கியது.

மதியம் சவரிமுத்து வந்தார். மறைக்கத் தெம்பில்லை.

"உபதேசியாரே, என்னால செபிக்க முடியல. பயமா இருக்கு."

என் பங்குமக்களிடம் நான் இப்படிப் பேசியதே கிடையாது. அவர் அதிர்ந்துபோவார் என்று நினைத்தேன். அவரோ போர்வையை என் கால்மேல் இழுத்துவிட்டார்.

"அப்படீங்களா சாமி? செரி, உட்டுப்போடுங்க. நீங்க பயப்படுங்க. செபத்த நாங்க பாத்துக்கறோம்."

அன்று மதியமே ஊருக்குத் தகவல் போனது. விசைத்தறி வேலை முடித்தவர்கள் அப்படியே கோவிலுக்கு வந்தார்களாம். முறைபோட்டு, ஆள் விடாமல் செபித்தார்களாம். பக்கத்துத் தோட்டத்துப் பழனிசாமிக் கவுண்டரும் மனைவியும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்களாம். இவையெல்லாம் பிறகுதான் எனக்குத் தெரியவந்தன.

எனக்குத் தெரிந்தது எண்கள் மட்டுமே. செவ்வாய் பிற்பகல் பதிமூன்று. மருத்துவர், "பத்துக்குக் கீழ போனா குழாய் வச்சிரணுமுங்க ஃபாதர்" என்றார். செயற்கை சுவாச இயந்திரத்தைக் கட்டிலருகே தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினார்கள். அடுத்த முறை பன்னிரண்டு. அதற்கடுத்து பதினொன்று.

அழுதேன். கண்ணைத் துடைக்கக் கை தூக்க முடியவில்லை. "ஆண்டவரே, பயமா இருக்கு." இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

மறுபடி எண்ணச் சொன்னார்கள். பதினொன்று. புதன் காலையும் பதினொன்று. மருத்துவர், "இன்னொருக்கா எண்ணுங்க" என்றார். பதினொன்றேதான். சாயங்காலம் பன்னிரண்டு வந்தது. செவிலியர் சிரித்துவிட்டார். வியாழன் பதினைந்து.

இயந்திரத்தை வெளியே தள்ளிக்கொண்டு போனார்கள்.

மருந்து வேலை செய்தது, உண்மைதான். மருத்துவரும் செவிலியர்களும் கண்ணயரவில்லை. அவர்களை எனக்குத் தந்தவர் ஆண்டவர். மக்களுடைய மன்றாட்டைக் கேட்டு அந்த எண்ணைக் கீழே இறங்கவிடாமல் பிடித்தவரும் அவரே. இதை நான் முழு மனதோடு விசுவசிக்கிறேன்.

ஒரே நாளில் எழுந்து நடந்துவிடவில்லை. ஏழு வாரம் பிறர் ஊட்டித்தான் சாப்பிட்டேன். நான்கு மாதம் சக்கர நாற்காலி. முதல் திருப்பலியை உட்கார்ந்தே நிறைவேற்றினேன். கிண்ணத்தை இரண்டு கைகளாலும் பிடித்து உயர்த்தினேன். கோவில் முழுக்க விசும்பல் சத்தம். இப்போது கைத்தடியோடு நடக்கிறேன். பாதங்கள் இன்னும் லேசாக மரத்திருக்கின்றன.

முன்பெல்லாம் நோயாளி வீட்டுக்குப் போனால் ஐந்து நிமிடம்தான். பைக் இன்ஜினை அணைக்காமல் வாசலில் விட்டுவிட்டே உள்ளே போயிருக்கிறேன். போன மாதம், புற்றுநோயில் படுத்திருக்கும் ஒரு பெண்ணைப் பார்க்கப் போனேன். என்னைக் கண்டதும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். பக்கத்தில் உட்கார்ந்து, "பயமா இருக்குதா அம்மணி?" என்றேன். அழுதார். அழுது முடியும்வரை இருந்தேன்.

"நாளைக்கும் வாரீங்களா சாமி?" என்றார். போனேன்.

செபிக்க முடியாமல் இதைக் கேட்டுக்கொண்டிருப்பவர்களே, அதற்காக வெட்கப்படாதீர்கள். உங்கள் பயத்தை அப்படியே ஆண்டவரிடம் சொல்லுங்கள். பக்கத்தில் இருப்பவரிடமும் சொல்லுங்கள். என்னைக் கைவிடாதவர் உங்களையும் கைவிடமாட்டார்.