நான் ஒட்டிய லேபிள்

இரண்டாயிரமாம் ஆண்டுக்குப் பிறகு, ஓசூரில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் குப்பிகளுக்கு லேபிள் ஒட்டினேன். என் கையில் ஒரு லேபிளும் கோணலாகாது. உள்ளே இருந்த மஞ்சள் பொடி, உடம்பின் செல்லுக்குள் கால்சியம் வெளிவருவதைத் தடுக்குமாம், நரம்புக்கானதாம்; லேப்பில் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. வீட்டில் என் மகன் நரம்பு நோயில் கைகால் விறைத்துக் கிடந்தான். யாரிடமும் எதுவும் கேட்டுப் பழகாதவள், லேப் மேடத்திடம் கேட்டேன்.

"இது எம்பையனுக்கு ஆவுமா மேடம்?"

"நீங்க ஒட்டற லேபிள்லயே போட்டிருக்கே ஆயாம்மா. மனுசங்களுக்குக் குடுக்கக் கூடாது. ஆராய்ச்சிக்கு மட்டுந்தான்."

அந்த இங்கிலீஷை நான் எங்கே படித்தேன்?

மத்திகிரியில் இருந்த எங்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் மகன், "கேட்டியாம்மா?" என்றான்.

"கேட்டேன். அது மனுசங்களுக்கு இல்லையாம்."

"அப்ப யாருக்காம்?"

மறுநாளும் லேபிளை நேராகத்தான் ஒட்டினேன்.