திறந்திருந்த கதவுக்கு வெளியே

"சந்தேகம் இருந்தால் புதன்கிழமை மூன்று மணிக்கு என் அறைக்கு வரலாம்" என்று டப்ளினில் எங்கள் பேராசிரியர் முதல் வகுப்பிலேயே சொல்லியிருந்தார். எனக்குச் சந்தேகங்களுக்கா பஞ்சம்? போனேன். கதவு திறந்தே இருந்தது. நான் படித்த கொச்சிக் கல்லூரியில், செருப்பைக் கழற்றிவிட்டு, அழைக்கும்வரை வெளியே நிற்பதுதான் மரியாதை. அதனால் ஷூவைச் சுவரோரம் வைத்துவிட்டு, அவர் கண்ணில் படாமல் ஒதுங்கி நின்றேன். யாரும் கூப்பிடவில்லை. நான்கு மணிக்கு, விறைத்த காலை ஷூவுக்குள் திணித்துக்கொண்டு திரும்பினேன். அந்த மனிதர் மேல் அப்படி ஒரு கோபம்.

அடுத்த புதனும் அதே கதை. மூன்றாவது புதன், காபி எடுக்க வெளியே வந்தவர் என்னையும் ஷூவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உள்ளேதானே இருக்கிறேன், ஏன் வரவில்லை? இந்த வகுப்பில் யாருக்கும் சந்தேகமே இல்லையென்று நினைத்துவிட்டேன்" என்றார்.

அன்று அம்மாவுக்குப் போன் செய்தேன். மட்டாஞ்சேரிப் படகுத்துறையில் படகுக்காக நின்றுகொண்டிருந்தாள். சிரிப்பாள் என்று பார்த்தால் பதறினாள்.

"அய்யோ மோளே, தணுப்பிலே காலு மரவிச்சுப் போயிருக்குமே! இங்க படகிலே ஏறச் சொல்லி ஆரு கூப்பிடறா? வந்தா ஏறிடறோமில்லியா?"

இப்போது அதே பேராசிரியரின் துறையில் முதலாண்டு மாணவர்களுக்கு நான் பயிற்சி வகுப்பு எடுக்கிறேன். புதன்கிழமைகளில் என் கதவும் திறந்திருக்கும். போன வாரம் வெகுநேரம் யாரும் வராததால் எழுந்துபோய் எட்டிப் பார்த்தேன். சுவரோரம் ஒரு ஜோடி ஷூ. பக்கத்தில் வெறும் காலுறையோடு ஒரு பெண். உள்ளே அழைத்து உட்காரவைத்தேன்; எந்த ஊர் என்று அப்புறம்தான் கேட்டேன்.